ரெண்டாளும் உண்டு

ஆலுவா
2 ஜூன் 2025

அன்புள்ள ரம்லத் இத்தாவுக்கு,

இந்த உறையில் இரண்டு தாள்கள் இருக்கும். மலையாளத்தில் இருப்பது உங்கள் வீட்டுக்காரர் சிகாபுதீன் இக்காவுக்கு. ஆபீசில் உட்கார வைத்து எழுத வைத்தார்கள். மன்னிப்பு கேட்பதென்றால் கைப்பட எழுத வேண்டும், டைப் அடித்தால் மரியாதை இல்லை என்பது எங்கள் டிராவல்ஸ் முதலாளியின் சட்டம். ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் உங்களை விட்டுவிட்டு பஸ் கிளம்பியதற்கு நானே பொறுப்பு என்று அதில் இருக்கிறது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

இந்தத் தமிழ்த் தாள் உங்களுக்கு. இதை யாரும் சொல்லித் தரவில்லை. இக்காவுக்கும் உங்கள் மகனுக்கும் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்று நீங்கள் பஸ்ஸில் சொன்னது ஞாபகம் இருந்தது. எனக்கும் மலையாளம்தான் கைக்கு ஓடும். தமிழ் எழுத்து அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை பயணிகள் யாரையும் போனில் அழைக்கக் கூடாதாம். கடிதம் போடக் கூடாது என்று சொல்ல மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அதனால் கேட்கிறேன். அன்றைக்கு மியூசியத்தில் தனியாக இருந்தபோது பயந்துவிட்டீர்களா? திரும்பி வரும் வழியெல்லாம் உங்களிடம் கேட்க நினைத்தேன். இக்கா பக்கத்தில் இருந்ததால் கேட்க முடியவில்லை. அந்த ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

ஸ்வர்ணலதா


மட்டாஞ்சேரி
9 ஜூன் 2025

ஸ்வர்ணலதா மோளுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். விசாரணைக்குக் காத்திருக்கும் பிள்ளையிடம் அதைக் கேட்டால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

உன் உறையை இவர்தான் பிரித்தார். மலையாளத் தாளைப் பெருநாளுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காட்டினார். தமிழ்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இதெந்தா, வாசி" என்றார். "அதே மன்னிப்புதான், தமிழில கேட்டிருக்கு" என்றேன். பெருநாள் அன்று பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

பெருநாளைக்கு வந்தவர்கள் பிரியாணிக்கு வந்தார்களா, நான் காணாமல் போன கதையைக் கேட்க வந்தார்களா என்று தெரியவில்லை. இவர் கதையைத் தினம் ஒரு சாண் நீட்டுகிறார். முதலில் நான் மியூசியத்தில் பேசாமல் நின்றேன். பிறகு கண் கலங்கி நின்றேன். நேற்று வந்த இவருடைய கொழும்பு மச்சானிடம், "என்ட பொண்டாட்டி வாசல்ல நின்னு கரையறா, போலீஸ்காரன் தண்ணி கொடுக்கறான்" என்று சொன்னார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதேனா என்று என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நீதான் முதலில் கேட்டிருக்கிறாய்.

பயப்படவில்லை மோளே. ஏன் பயப்படவில்லை என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. எழுந்து போய்த் துணி காயப்போட்டேன், மழை வந்தது, எடுத்தேன், மறுபடியும் போட்டேன். அந்தப் பயணம் முடிந்து வந்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்பு கொள்ளவில்லை. ஜூ டவுனில் இவருடைய பழைய சாமான் கடைக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் படகுத்துறை வரை நடக்கிறேன், திரும்புகிறேன், மறுபடி நடக்கிறேன். "எங்கே போற?" என்று இவர் கேட்டால் "சும்மா" என்கிறேன்.

அது கிடக்கட்டும். விசாரணை என்று எழுதியிருக்கிறாய். வேலைக்கு ஆபத்தா? சுற்றி வளைக்காமல் சொல். போனில் வேண்டாம். என் போனுக்கு வருவதெல்லாம் கடையில் மகன் சஜ்ஜாத்தின் கம்ப்யூட்டரிலும் தெரியும்படி அவன் ஏதோ செய்து வைத்திருக்கிறான். கடிதமே போடு. போஸ்ட்மேன் வரும் நேரத்தில் இவர் கடையில் இருப்பார்.

ரம்லத்


ஆலுவா
16 ஜூன் 2025

அன்புள்ள ரம்லத் இத்தா,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை பன்னிரண்டாம் தேதி எர்ணாகுளம் ஆபீசில் விசாரணை. இக்கா கொடுத்த புகாரில் என்னை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். எடுத்துவிட்டால் வேறு எந்த டிராவல்ஸிலும் சேர்க்க மாட்டார்கள். ஆளை விட்டுவிட்டு வந்த வழிகாட்டி என்ற பெயர் போதும், இந்தத் தொழிலில் வேறு அவப்பெயர் வேண்டாம். செப்டம்பரில் ஒரு பெரிய குழுவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியது நான். அதற்காக இத்தாலிப் பாஷையில் நாலு வார்த்தை படித்துக்கொண்டிருந்தேன். இப்போது அக்கா இசக்கிசெல்வி வீட்டில் வெங்காயம் உரிக்கிறேன்.

எங்கள் அப்பா முனியாண்டி கொச்சி நகரசபையில் குப்பை வண்டியோடு போனவர். பக்கத்துத் தெருவைத் தாண்டி வேறு ஊர் பார்க்காதவர். அவர் மகள் கையில் கொடியைப் பிடித்து முப்பது பேரை வெளிநாட்டில் நடத்திக்கொண்டு போகிறாள் என்றால் எங்கள் காலனியில் நம்ப மாட்டார்கள். அதை நான் யாருக்காகவும் விடத் தயாராக இல்லை. இதை இக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நடந்ததை நான் சொல்கிறேன், நீங்கள் பார்க்காத பாதியை. மியூசியம் வாசலில் பஸ்ஸை நிற்க விட மாட்டார்கள். மழை வேறு. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வாசலில் நின்று நான் ஆட்களைச் சரிபார்த்தேன், எல்லாரும் ஏறியாயிற்று என்று நினைத்தேன். பஸ்ஸில் வழக்கம்போல் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். ஊருக்கு வெளியே இந்தியச் சாப்பாட்டுக் கடையில் இறங்கியதும் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை. ரொட்டி வந்தது. இக்கா சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை போடுவார் அல்லவா? பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பின்னால் நீட்டினார். மாத்திரை வரவில்லை. கையை ஆட்டினார். அப்போதும் வரவில்லை. அப்புறம்தான் திரும்பினார்.

இக்காவும் நானும் டாக்ஸியில் திரும்பி வரும்போது மியூசியத்துக்கு போன் செய்தேன். காணாமல் போனவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பதற்றத்தில் பெயர் வரவில்லை. இக்காவைக் கேட்டேன். "வீட்டுக்காரி" என்றார். "பேரு சொல்லுங்க இக்கா" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

சரிபார்த்தது நான். தப்பு என்னுடையது. அதில் மாற்றம் இல்லை. நீங்கள் இதில் தலையிட்டு வீட்டில் சண்டை வளர்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் எங்கே போனீர்கள்? எல்லாரும் என் கொடியின் பின்னால்தானே வந்தார்கள்?

ஸ்வர்ணலதா


மட்டாஞ்சேரி
25 ஜூன் 2025

ஸ்வர்ணா மோளே,

கையைப் பின்னால் நீட்டினார் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு நெஞ்சு வலித்தது. மாத்திரை வேண்டியிராவிட்டால் ராத்திரி ஓட்டலில் போர்வையை விரிக்கும்போதுதான் என்னைத் தேடியிருப்பார்.

எங்கே போனேன் என்று கேட்டாய். எங்கும் போகவில்லை, திரும்பிப் போனேன். அன்று எத்தனை அறை நடந்தோம் என்று உனக்கே தெரியாது. அந்த மியூசியத்து வெள்ளைக்காரப் பெண் இங்கிலீஷில் சொல்வாள், நீ மைக்கில் நம் பாஷையில் சொல்வாய், என் காதில் மாட்டியிருந்த குழாயில் உன் குரல் வரும். "இங்க பாருங்க, அடுத்தது வாங்க, சேச்சிமாரே வேகம் வாங்க." என்ன படம் என்று கண் பிடிப்பதற்குள் அடுத்த படம். இவர் ஓவியத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். "தேக்கல்ல இது" என்று எனக்கு ரிப்போர்ட் வேறு. காவல்காரர் இரண்டு தடவை சத்தம் போட்டார்.

ஒரு அறையில் மேசை நிறையச் சாப்பாடு வரைந்த படம். நீ வெள்ளிக் கூஜாவைக் காட்டினாய். அதன் வயிற்றில் ஜன்னல் தெரியுது பாருங்க என்றாய். எல்லாரும் பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. மேசை ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலம், வாய் பிரிந்து கிடக்கிறது. உள்ளே மிளகு. நம்ம மிளகு. கொஞ்சம் துணியில் சிந்தியிருக்கிறது. அதில் ஒரே ஒரு மணி மேசை விளிம்பு வரைக்கும் உருண்டு வந்து நிற்கிறது.

நான் கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வந்த வீடு மிளகு கோடவுனுக்கு மேல். காலையில் எழுந்தால் மிளகு கூட்டுவேன், சாயங்காலமும் மிளகு கூட்டுவேன். சஜ்ஜாத் குழந்தையாக இருந்தபோது அவன் மூக்கிலிருந்து மிளகு எடுத்திருக்கிறேன். விளக்குமாறால் தள்ளிய சாமானை, அவ்வளவு தூரத்தில் ஒருத்தன் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக, மேல்தோல் சுருக்கம் உட்பட வரைந்து வைத்திருக்கிறான். அவனுக்கு அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. எனக்குப் பார்க்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அடுத்த அறை, அடுத்த மாடி, கடைசியில் கீழே இறங்கச் சொல்லிவிட்டாய். படியில் நின்றேன். அந்த ஒரு மணி விழுமா விழாதா என்று மனசு அரித்தது. திரும்பி ஏறிவிட்டேன்.

போய் அந்தப் படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னிடம் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. சாயா எடு, கண்ணாடி எடு, மாத்திரை எடு என்று எதுவும் இல்லை. மிளகைப் பார்த்தேன். பிறகு பிடித்த அறைக்குப் போனேன், பிடிக்காத அறையிலிருந்து பாதியில் வெளியே வந்தேன். அதுவரை நான் எந்த இடத்திலிருந்தும் பாதியில் வெளியே வந்ததில்லை மோளே. சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் போன தடவை பேனா நகரவில்லை. பொண்டாட்டியைத் தொலைத்துவிட்டு ஒரு மனிதர் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று எப்படிச் சொல்வது?

இங்கே நிலைமை மோசம். ஜூ டவுனில் பக்கத்துக் கடைக்காரர்கள் இவரைச் சும்மா விடுவதில்லை. "சிகாபுதீனே, பழைய சாமான் விக்கப் போயி பொண்டாட்டிய விட்டுட்டு வந்தியோ?" என்று கேட்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. யார் மேலாவது பழி விழுந்தால்தான் இவருக்குத் தலை நிமிரும். நேற்று உன் மேனேஜருக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறார். நான் தடுத்தேன். "நீ சும்மா இரி, இது ஆம்பளைங்க விஷயம்" என்றார். இரண்டு நாளாக ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் சாப்பிடுகிறோம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ தலை எண்ணித் தவறியதாகச் சொல்கிறாய். பயணம் முழுக்க நீ எங்கே தலை எண்ணினாய்? பேர் சொல்லித்தானே விளிப்பாய்? அன்று எப்படிச் சரிபார்த்தாய் என்று விவரமாக எழுது.

ரம்லத்


ஆலுவா
3 ஜூலை 2025

ரம்லத் இத்தாவுக்கு,

இதில் தலையிடாதீர்கள் என்று முன்பே எழுதினேன். இன்னும் எப்படி எழுதினால் புரியும்?

அது எனக்கும் என் வேலைக்கும் இடையில் உள்ளது. அதை வெளியில் எடுத்தால் போய் விழும் இடம் உங்கள் வீட்டின் நடு. நான் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். நீங்கள் இன்னொரு வீடு தேட முடியாது. அக்காவிடம் மட்டும் முழுக்கதையையும் சொன்னேன். அவள் சொல்கிறாள்: "நீ ஊமைக்குப் பொறந்தவளா? உள்ளதைச் சொல்லிட்டு வா." அவளுக்குப் பயணிகளோடு வேலை செய்து பழக்கமில்லை. பயணியைப் பொய்யனாக்கி ஜெயித்த வழிகாட்டியை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

மேனேஜர் ஜிதின் சேட்டன் நல்லவர்தான். நேற்று வரச் சொல்லிப் பேசினார். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், வேலையிலிருந்து எடுக்க மாட்டார்கள். வைட்டிலா பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் கம்பெனியின் டிக்கெட் கவுண்டர் ஒன்று இருக்கிறது. அதில் உட்கார வைப்பார்கள். இனி குழுவோடு போக முடியாது. எல்லாருக்கும் அதுதான் நல்லது என்றார். ஒரு கண்ணாடி ஓட்டை வழியாக மற்றவர்கள் ஊருக்குப் போவதற்கு டிக்கெட் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி போய்ப் போட்டுவிட்டு வருவேன்.

நீங்கள் மிளகைப் பற்றி எழுதியதை மூன்று முறை வாசித்தேன். அந்த அறைக்கு நான் குழுக்களோடு போகாத வருடம் இல்லை. மிளகை நான் பார்த்ததே இல்லை. கூஜா, ஜன்னல், அடுத்தது. எனக்கும் நின்று பார்க்க நேரம் இருந்ததில்லை. இனி பார்க்கவும் போவதில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. கோபமும் வந்தது, உங்கள் மேல்கூட. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம் அல்லவா இத்தா? பத்து நிமிடம் நிறுத்தியிருப்பேனே.

இனி எழுத வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் அதுதான் நல்லது.

ஸ்வர்ணலதா


மட்டாஞ்சேரி
8 ஜூலை 2025

மோளே,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். கோபப்படுவதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ பத்து நிமிடம் தந்திருப்பாய், இவர் "எந்துக்கு, மிளகு வீட்டில இல்லியா?" என்று கேட்டிருப்பார், நானும் இறங்கி வந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

இப்போது நீ மறைக்கிறதை நான் சொல்கிறேன். நெடும்பாசேரி விமான நிலையத்தில் முதல் நாள், நீ ஒவ்வொருத்தராகப் பேர் விளித்தாய். "ரம்லத்" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் இவர் முன்னால் வந்து, "பெண்ணுங்க பேரை எல்லாம் இங்ஙனெ உரக்க விளிக்கண்ட. ஆம்பளை பேரை விளி, எத்தனை ஆளுன்னு நாங்க சொல்லும்" என்றார். மற்ற ஆண்களும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து நீ ஆண் பேரை விளிப்பாய், அவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்குள் இது புதிதில்லை. கல்யாண விருந்துக்கும் இப்படித்தான் எண்ணுவார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் அந்த மழையில் வாசலில் நின்று நீ விளித்தபோது மைக்கை அணைக்கவில்லை மோளே. காதுக்குழாய்களை ராத்திரிதான் திரும்ப வாங்குவாய். என் காதில் அது இருந்தது. நான் மேலே, மிளகுக்கு எதிரே. உன் குரல் கொஞ்சம் கரகரப்பாக வந்தது. ஒவ்வொரு பேராகச் சொன்னாய். என் கால் எழுந்துவிட்டது. இப்போது இவர் திரும்பிப் பார்ப்பார், தேடுவார், நாலு பேர் முன்னால் திட்டு விழும், ஓடு என்று நினைத்தேன். நீ சொன்னாய், "சிகாபுதீன் இக்கா?" கொஞ்சம் நிறுத்தினாய். அப்புறம் சொன்னாய், "ரெண்டாளும் உண்டு, சரி." அடுத்த பேருக்குப் போய்விட்டாய்.

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். என்ன நினைத்தேன் தெரியுமா? ரம்லத் அங்கே இருக்கிறாள், கணக்கில் ஏறிவிட்டாள், பஸ்ஸிலும் ஏறிவிடுவாள். அப்புறம் நான் எதற்கு ஓட வேண்டும்? நான் இல்லாமலே நான் அங்கே இருக்க முடியுமென்றால், இங்கே கொஞ்ச நேரம் இருந்துகொள்கிறேன். உன் குரல் தூரமாகித் தூரமாகி நின்றுபோனது. குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

இதை நான் இவரிடம் இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது நாக்கு நுனி வரை வரும். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். வீட்டில் கேட்டால் "சும்மா இரி" என்பார், அதோடு போய்விடும். படகுத்துறை வரை நடந்து நடந்து திரும்புவதெல்லாம் இதற்குத்தான்.

நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டாய். இவர் எனக்காகப் பதில் சொன்னார், நீ எனக்காக மௌனமாக இருந்தாய். இரண்டு பேரும் என்னிடம் கேட்கவில்லை. கையெழுத்துப் போடாதே. பன்னிரண்டாம் தேதி இவரோடு நானும் வருகிறேன். எர்ணாகுளத்தில் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ரம்லத்


ஆலுவா
13 ஜூலை 2025

அன்புள்ள இத்தா,

நேற்று விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்கார வைத்து, முதலில் புகார் கொடுத்தவரைக் கேட்போம் என்றார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். என் மடியில் கையெழுத்துப் போட வேண்டிய தாளும் பேனாவும் இருந்தன. முதலில் இக்காவின் குரல் கேட்டது, பெரிதாக. பிறகு உங்கள் குரல். என்ன சொன்னீர்கள் என்று காதில் விழவில்லை. பிறகு ஃபேன் சத்தம்தான் கேட்டது.

கதவு திறந்து இக்கா வந்தார். என்னைத் தாண்டிப் போனவர், நின்றார்.  பிறகு படியில் இறங்கிவிட்டார். நீங்கள் என் தோளைத் தொட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே அவர் பின்னால் போனீர்கள். 

ஜிதின் சேட்டன் என் கையிலிருந்த தாளை வாங்கி மேசை டிராயரில் போட்டார். "செப்டம்பர் குரூப் உனக்குத்தான். இனி ஓரோருத்தரையும் பேர் சொல்லி விளிக்கணும், ஆரு என்ன சொன்னாலும்" என்றார். நான் ஏன் என்று கேட்டேன். "அந்த இத்தாவிடம் கேட்டோ" என்றார்.

கேட்கிறேன். வேலை திரும்பக் கிடைத்தும் எனக்கு நிம்மதி இல்லை. வீட்டில் என்ன நடக்கிறது? அவர் உங்களிடம் பேசுகிறாரா?

ஸ்வர்ணா


மட்டாஞ்சேரி
22 ஜூலை 2025

ஸ்வர்ணா மோளே,

உள்ளே நடந்தது இதுதான். இவர் கதையை முழுதாக, மச்சானுக்குச் சொன்ன அளவிலேயே சொன்னார். வாசலில் நான் கரைந்துகொண்டு நின்றது, போலீஸ்காரன், தண்ணீர், எல்லாம் வந்தது. உன் மேனேஜர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார். நான் சொன்னேன்: "நான் கரையவும் இல்ல, காணாமப் போகவும் இல்ல. இருந்த எடத்திலதான் இருந்தேன். எனக்கு இஷ்டப்பட்டு இருந்தேன்." இவர் என் பக்கம் திரும்பினார். நான் கேட்டேன்: "அந்தப் புள்ள வாசல்ல நின்னு உங்க பேரை விளிச்சப்ப, நீங்க என்ன சொன்னீங்க?"

நீ கேட்ட அந்த ஃபேன் சத்தம் அப்போதுதான். காதுக்குழாயைப் பற்றி நான் சொல்லவில்லை. இல்லை என்று மறுத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இவர் மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டாளும் உண்டுன்னு சொன்னேன்" என்றார்.

"பின்னால திரும்பிப் பாத்தீங்களா?"

"எந்துக்குப் பாக்கணும்? நீ எப்பவும் பின்னால உண்டல்லோ."

அவர் அதைச் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் மனதில் அப்படித்தான் இருந்திருக்கிறது. சூரியன் கிழக்கே உண்டு, ரம்லத் பின்னால் உண்டு. நான் சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. சந்தோஷப்படுவதா, அடித்துக்கொண்டு அழுவதா? இரண்டும் செய்யாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். புகாரைத் திரும்ப வாங்குவதாக அவரேதான் சொன்னார், நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு இல்லை. மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார், தப்பு மாத்திரையை. சஜ்ஜாத் வந்து சரியானதை எடுத்துக் கொடுத்தான். எனக்கும் கால் நிற்கவில்லை. செய்தது சரியா, நாலு பேர் முன்னால் மனிதரைக் குனிய வைத்துவிட்டோமா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தோன்றியது.

நேற்று இவராகவே, "எர்ணாகுளத்தில துணி எடுக்கணும்னு சொன்னியே" என்றார். அது நான் அன்றைக்குச் சொன்ன சாக்கு. ஞாபகம் வைத்திருந்தார். ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோ படகுத்துறைக்குப் போனோம். சாயங்காலக் கூட்டம், கவுண்டரில் நீண்ட வரிசை. இவர் முன்னால் நின்றார். நான் பின்னால் நின்றேன். வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. வேண்டுமென்றே என்று சொன்னால் முழு உண்மை இல்லை, கால் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. அதன் மறைவுக்குப் போனது மட்டும் வேண்டுமென்றேதான்.

கவுண்டரில் இருந்த பெண் எத்தனை என்று கேட்டாள். இவர் "ரெண்டு" என்றார். சொன்னவர் பணத்தை நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"ஒரு மினிட்டு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். பின்னால் நின்றவர்கள், "டிக்கெட் எடுத்துட்டுத் தேடு இக்கா" என்று சத்தம் போட்டார்கள். எடுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தார். படகுப் பக்கம் பார்த்தார், ரோட்டுப் பக்கம் பார்த்தார், ஒரு கறுப்புப் பர்தாவின் பின்னால் போய் எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை மோளே. ஆம்ஸ்டர்டாமில் டாக்ஸியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அந்த முகம்தான் இருந்திருக்க வேண்டும். நான் வந்து சேர்ந்ததும் அதைக் கோபமாக்கிக்கொண்டு உன் மேல் கொட்டிவிட்டார்.

கல்யாணமான நாள் முதல் இவர் என்னை விளிப்பது "இந்தா" என்றுதான். தூரத்தில் இருந்தால் கை தட்டுவார். முதலில் கை தட்டிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் கை தட்டினால் யார் திரும்புவார்கள்? பின்னே, அத்தனை பேர் நடுவில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரம்லத்து" என்று விளித்தார்.

குரல் சரியாக வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த அழுகை நேற்றுதான் வந்தது. "இங்க உண்டு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்துவிட்டு மூடிக்கொண்டேன்.

இன்னொரு தடவை விளிக்கட்டும் என்று நின்றேன். விளித்தார்.

ரம்லத்